கழற்றக் கூடாத மாலை

கிர்க்ஹில் தோட்டத்து ஆபிஸில் இருந்த கம்பியூட்டர் பிற்பகல் இரண்டரை மணிக்குச் செத்துவிடும். சில நாள் இரண்டே கால், சில நாள் இரண்டே முக்கால். தோட்டத்து மணி பிந்தினாலும் பிந்தும், இது மூன்று மணியைத் தாண்டாது.

றொசல்ல ஸ்டேஷனில் இறங்கி ஆட்டோவில் அரை மணி நேரம் குலுங்கினால் வருகிற தோட்டம் அது. கிர்க்ஹில் என்பது வெள்ளைக்காரன் வைத்த பெயர். கொழுந்து பறிக்கிறவர்கள் வைத்த பெயர் கூனிமலை. இரண்டும் போதாதென்று ஆறு மாதத்துக்கு முன் மூன்றாவதாக ஒரு பெயர் வந்தது: ஸ்மார்ட் தோட்டம். கேட்டில் மாட்டிய அந்தப் பலகை கேட்டைவிட அகலம். அதில் இடிக்காமல் திரும்ப லொறி டிரைவர்கள் தனியாகப் பழக வேண்டியிருந்தது.

ஸ்மார்ட் என்றால் இதுதான். முன்பெல்லாம் கொழுந்து நிறுக்கிற கொட்டகையான மடுவத்தில் கங்காணி தராசைப் பார்ப்பார், நிறையைச் சொல்வார், புத்தகத்தில் எழுதுவார். இப்போது தராசே நிறையைக் காற்று வழியாக ஆபிஸ் கம்பியூட்டருக்கு அனுப்பும். கம்பியூட்டர் வாங்கிக்கொண்டு "கீ" என்று ஒரு சத்தம் கொடுத்தால்தான் அடுத்தவர் தன் கொழுந்தைத் தராசில் வைக்கலாம். நாளுக்கு மூன்று நிறுவை. கடைசி நிறுவை மூன்று மணிக்கு. கம்பியூட்டரோ இரண்டரைக்கே போய்ச் சேர்ந்திருக்கும். நூற்றுப் பத்துப் பெண்கள் கொழுந்துப் பையோடு மழையில் வரிசையில் நிற்பார்கள். வரிசையின் முன்னால் வீரம்மா நிற்பாள். அவள் நாக்கு மட்டும் எந்த நிறுவையிலும் நின்றதில்லை.

"ஏம்புள்ள வினோதா, ஒன் பெட்டி இன்னைக்கும் மண்டையப் போட்ருச்சா? காரியம் எப்ப? வடை சுடணும்ல?"

வினோதாதான் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பு. கீழ்ப்பிரிவு லயத்து வரிசை வீட்டில் வளர்ந்த பெண். உயர்தரம் பாஸ் பண்ணி, ஹட்டனில் கம்பியூட்டர் டிப்ளோமா முடித்து, ஆறு மாதத் தவணையில் ஆபிஸுக்குள் காலெடுத்து வைத்தவள். அந்தத் தவணை இந்த மாதம் முப்பதாம் திகதி முடிகிறது. அதற்குமேல் வேலை நிரந்தரமா, வீடா என்று எழுதப்போகிறவர் தலைமைக் கிளாக்கர்.

அவர் பெயர் கிளைவ் இக்னேசியஸ். அகில இலங்கை சமாதான நீதவான். மாதா கோயில் சபைத் தலைவர். இவை எல்லாவற்றையும் சேர்த்துச் சொன்னாலும் அவருக்குப் போதாது, மூச்சு விட்டுவிட்டு இன்னொரு தடவை சொல்ல வேண்டும். ஆபிஸ் கூரை ஒழுகுவதைக் கொழும்புக்கு அறிவிக்க அவர் எழுதிய கடிதம் மூன்று பக்கம். "ஒழுகுகிறது" என்ற சொல் அதில் எங்குமே இல்லை. கூரை இன்னும் ஒழுகிக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் வினோதாவைக் கூப்பிட்டார்.

"இந்தா பாருங்க மிஸ். வர்ற வியாழக்கிழமை கொழும்பில இருந்து கம்பெனித் தலைவர் வர்றார். மூணு மணி நிறுவைய அவர் கண்ணால பாக்கணும்னு பெரிய துரை ஏற்பாடு. அன்னைக்கும் இது நின்னுச்சுன்னா, ஒங்கள நிரந்தரமாக்கச் சொல்லி நான் எழுத முடியாது. எழுதினாலும் துரை கையெழுத்து வைக்க மாட்டார்."

"பழுது என்னன்னே தெரியாம நான் எப்படி சேர்..."

"பழுது எனக்குத் தெரியும். பாட்டு."

"என்ன பாட்டு சேர்?"

"நீங்க கேக்குற சினிமாப் பாட்டு."

"இதுல ஸ்பீக்கரே இல்லையே சேர்."

"அதத்தான் சொல்றேன். வெளிய வர வழியில்லாம எல்லாம் உள்ளயே தேங்குது."

வினோதாவுக்கும் தெரியாது, இக்னேசியஸுக்கும் தெரியாது: அந்த வாரம் அந்த ஆபிஸில் சொல்லப்பட்டவற்றில் உண்மைக்கு மிக அருகே வந்தது அந்த ஒரு வாக்கியம்தான்.

புரோகிராம் செய்து கொடுத்த கொழும்புக் கம்பெனிக்கு போன் போட்டாள். அங்கே திலக்ஷன் என்றொருவர் இருந்தார். கூனிமலையைப் படத்தில்கூடப் பார்க்காதவர்.

"ரீஸ்டார்ட் பண்ணுங்க மிஸ்."

"அது தினமும்தான் பண்றேன். தராசோட மறுபடி சேர இருபத்தஞ்சு நிமிஷம் எடுக்குது. அதுக்குள்ள மழையில நிக்கிற ஆளுக என்னைய ரீஸ்டார்ட் பண்ணிருவாங்க."

"அப்ப மெமரி பத்தாது. எட்டு ஜீபி இருக்குதானே? இன்னொரு எட்டு போடுங்க."

"அதையும் தின்னுட்டா?"

"இன்னொரு பதினாறு."

"சேர், மாடு ஏன் இவ்வளவு திங்குதுன்னு கேட்டா, தொட்டியப் பெருசாக்குன்னு சொல்றீங்க."

திலக்ஷன் கொஞ்சம் யோசித்தார். "எந்த மாடுன்னு மொதல்ல பாருங்க," என்றார். ஆறு மாதத்தில் அவர் சொன்ன முதல் உருப்படியான யோசனை அது.

கம்பியூட்டரின் மெமரி என்பது கொழுந்து மடுவத்தின் தரை மாதிரி. உள்ளே ஓடுகிற ஒவ்வொரு புரோகிராமும் வேலைக்குக் கொஞ்சம் இடம் எடுக்கும். வேலை முடிந்ததும் சாக்கைச் சுருட்டிக்கொண்டு இடத்தை விட வேண்டும். ஒருவர் மட்டும் சுருட்டாமல் ஒவ்வொரு தடவையும் புதுச் சாக்கை விரித்துக்கொண்டே போனால், பிற்பகல் இரண்டரை மணிக்கு மற்றவர்களுக்கு நிற்கக்கூட இடமிருக்காது. யார் எவ்வளவு இடம் பிடித்திருக்கிறார்கள் என்ற பட்டியலை கம்பியூட்டரே காட்டும். அதைப் பார்த்து அரைமணிக்கு ஒரு தடவை வினோதா ஒரு கொப்பியில் எழுதத் தொடங்கினாள்.

சனிக்கிழமை மத்தியானத்துக்குள் மாடு அகப்பட்டது. நிறுவைப் புரோகிராம் காலையில் எடுத்த இடத்தோடு சமர்த்தாக இருந்தது. பின்னால் சத்தமில்லாமல் ஓடிய ஒன்று காலையில் 180 மெகாபைட். பத்து மணிக்கு ஆயிரத்து நூறு. பன்னிரண்டுக்கு மூவாயிரத்தைத் தாண்டிவிட்டது. அதன் பெயர் "ராஜமரியாதை".

ராஜமரியாதை இக்னேசியஸின் கண்டுபிடிப்பு. ஆபிஸ் வாசலில் ஒரு கமராவும் ஒரு பெரிய டிவியும் மாட்டியிருந்தார்கள். தோட்டத்து மேனேஜரான பெரிய துரை, உதவி மேனேஜரான சின்னத்துரை, தேயிலைத் தொழிற்சாலை டீமேக்கர், கிளாக்கர்மார் என்று பதினான்கு பேரின் முகம் அதற்குத் தெரியும். அவர்களில் ஒருவர் வாசலைக் கடந்தால் டிவியில் அவர் படம் வரும். மேலிருந்து ஒரு மாலை இறங்கி அந்தப் படத்தின் கழுத்தில் விழும். கீழே பட்டங்கள் ஓடும். துரைக்கு ஒரு வரி ஓடியது. இக்னேசியஸுக்கு நாலு வரி. கொழுந்து பறிக்கிற நூற்றுப் பத்துப் பேரில் ஒருவருடைய முகமும் அதற்குத் தெரியாது. அவர்கள் கடந்தால் டிவி மலையைக் காட்டிக்கொண்டு சும்மா இருக்கும்.

திங்கட்கிழமை ஓர் அதிசயம். கம்பியூட்டர் சாகவில்லை. மூன்று மணி நிறுவை கீ, கீ, கீ என்று மூன்றே முக்காலுக்கு முடிந்தது. வீரம்மா ஆபிஸ் ஜன்னலுக்கே வந்துவிட்டாள்.

"என்ன புள்ள, இன்னைக்கி உசுரோட இருக்கு? ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"தெரியல அத்தை. நான் ஒண்ணுமே செய்யல."

"கிளாக்கரய்யாவக் காணோம்?"

"நுவரெலியாவுல சொந்தக்காரங்க பிள்ளைக்கு ஞானஸ்நானம். லீவு."

"அவரு லீவுன்னா ஆபிஸ்ல எல்லாருக்கும் ஒடம்பு நல்லாத்தான் இருக்கும்," என்று சொல்லிவிட்டு வீரம்மா போய்விட்டாள்.

வினோதா கொப்பியைப் பார்த்தாள். ராஜமரியாதை அன்று முழுக்க ஆயிரத்தைந்நூறைத் தாண்டவில்லை. அந்த வரிக்குப் பக்கத்தில் 'கிளாக்கர் லீவு' என்று எழுதி அடிக்கோடு போட்டாள்.

செவ்வாய்க்கிழமை இக்னேசியஸ் வந்ததும் நேற்று நிற்கவில்லை என்று சொன்னாள்.

"பாத்தீங்களா? நான் இல்லன்னதும் பயம் வந்துருச்சு. ஒழுங்கா வேலை செஞ்சிருக்கீங்க. பாட்டக் காணோம்."

அன்று அவள் கொப்பியில் அரைமணிக்கணக்கை விட்டுவிட்டு, ஆள்கணக்கு எழுதினாள். பெரிய துரை வந்தார்: எழுபது மெகாபைட் ஏறியது. போனார்: ஏறவில்லை, முதுகு கமராவுக்குத் தெரியாது. டீமேக்கர் வந்தார்: எழுபது. இக்னேசியஸ் வந்தார்: எழுபது. மழை வருகிறதா என்று பார்க்க வெளியே போய் வந்தார்: எழுபது. குடையை வெளியே விட்டுவிட்டேன் என்று தேடிப் போய் வந்தார்: எழுபது. குடை உள்ளேதான் இருந்தது, அதை எடுத்துக்கொண்டு மறுபடி போய் வந்தார்: எழுபது. கழிவறை பின்பக்கம் இருக்கிறது, பின்கதவும் இருக்கிறது. ஆனாலும் அவர் முன்வாசல் வழியாகக் கட்டடத்தையே சுற்றிப் போய் முன்வாசல் வழியாகவே திரும்பி வந்தார். ஒவ்வொரு தடவையும் வாசலில் ஒரு கணம் நின்றார். நாடியைத் தூக்கினார். மாலை விழும்வரை இருந்தார். நாலு வரிப் பட்டத்தையும் கடைசி எழுத்துவரை வாசித்தார். பிறகுதான் உள்ளே காலெடுத்து வைத்தார்.

மத்தியானச் சாப்பாட்டுக்குள் நாற்பத்தொரு தடவை.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது? "சேர், கம்பியூட்டரைக் கொல்வது நீங்கள்தான்" என்று ஒரு சமாதான நீதவானிடம் ஆறு மாதத் தவணைக்காரி சொல்வது எந்த நாட்டு வழக்கத்திலும் இல்லை. சொல்லாமலே ராஜமரியாதையை நிறுத்திப் பார்த்தாள். நாலே நிமிடத்தில் இக்னேசியஸ் மேசைக்கு வந்துவிட்டார்.

"டிவி ஏன் கறுப்பா இருக்கு?"

"பழுது பாக்க நிறுத்தினேன் சேர்."

"பழுதாகாதத நிறுத்தி பழுதானதப் பாக்குறதா? போடுங்க மிஸ், போடுங்க. வியாழக்கிழமைக்கு இன்னும் இருபத்தாறு விருந்தாளிக படத்த அதுல ஏத்தணும். தலைவர் வர்றப்ப மாலை விழாட்டி என்ன மரியாதை?"

வினோதா கணக்குப் போட்டாள். பதினாலும் இருபத்தாறும் நாற்பது பேர். எல்லோரும் வாசலில் போவதும் வருவதுமாக இருப்பார்கள். அன்று இரண்டரை மணிவரைகூடத் தாங்காது. ராஜமரியாதையை மட்டும் நிறுத்திப் போட்டால் அது பிடித்த இடம் திரும்பவில்லை; நடுவே ஒரு தடவை கம்பியூட்டரையே அணைத்துப் போடலாம் என்றால், விருந்தாளிகள் வருகிற நாளில் நாலு நிமிடம்கூட டிவி கறுப்பாக இருக்க இக்னேசியஸ் விடமாட்டார். பெட்டியைக் கட்டிக்கொண்டு லயத்துக்குப் போகவேண்டியதுதான் என்று அவளுக்குத் தோன்றியது.

அன்று பிற்பகல், வழக்கம்போலக் கம்பியூட்டர் செத்துக் கிடந்த வேளையில், ஆபிஸ் முற்றத்தில் வரவேற்புக்கு ஒத்திகை வைத்தார்கள். நிறுவைக்குக் காத்திருந்த பெண்களில் ஆறு பேருக்கு மாலை போடும் வேலை. அசல் மாலை வியாழக்கிழமைதான் ஹட்டனிலிருந்து வரும் என்பதால் காட்டுச் சூரியகாந்தியையும் கொழுந்தையும் கட்டிப் பெண்களே ஆறு மாலை செய்திருந்தார்கள். மழையில் ஊறி ஒவ்வொன்றும் ஒரு கிலோ இருக்கும். தலைவருடைய இடத்தில் இக்னேசியஸ் நின்றார். வேறு யாரையும் நிற்கவிட அவருக்கு மனம் வரவில்லை.

போடுகிற மாலையை வாங்கிக்கொள்ளப் பெரிய மனிதரின் பின்னால் ஒருவர் நிற்பது எல்லா விழாவிலும் உள்ள முறை. அந்த வேலை ஆபிஸ் பியோன் மூக்கனுடையது. மூக்கன் தேத்தண்ணி குடிக்கப் போயிருந்தான்.

வீரம்மா முதல் மாலையைப் போட்டாள். இக்னேசியஸ் கைகூப்பினார். இரண்டாவது விழுந்தது. மூன்றாவது விழுந்தது. அவர் கழற்றவில்லை. நாலாவது மாலை நாடிக்கு வந்தது. ஐந்தாவது வாயை மூடியது. கண்ணாடியில் ஆவி படிந்தது.

"கிளாக்கரய்யா, கழட்டுங்க," என்றாள் வீரம்மா.

"ம்ம்ம்ம்," என்றார் இக்னேசியஸ்.

"தலைவரு பேசுறாரு, கைதட்டுங்கடி!"

பெண்கள் கைதட்டினார்கள். ஆறாவது மாலையோடு நின்றவள் காலை எக்கிப் பார்த்தாள், குதித்துப் பார்த்தாள். போட இடமில்லை.

"ஐயா, கழட்டிப் பின்னால குடுத்தாத்தானே அடுத்த மாலைக்குக் கழுத்து இருக்கும்? போட்ட மாலையெல்லாம் கழுத்துலயே கெடந்தா ஆளு எங்கிட்டு மூச்சு விடுறது?"

இக்னேசியஸ் ஒரு பக்கமாகச் சாய்ந்தார். இரண்டு பேர் ஓடிப்போய்ப் பிடித்தார்கள். வினோதா அந்தப் பக்கம் ஓடவில்லை. போனுக்கு ஓடினாள்.

"திலக்ஷன் சேர், டிவில ஒரு மாலை விழுதுல்ல, அத எப்பக் கழட்டுறீங்க?"

"அஞ்சு செக்கன்ல மறைஞ்சிடும் மிஸ்."

"கண்ணுக்கு மறையும். உள்ள?"

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் விசைப்பலகைச் சத்தம் மட்டும் கேட்டது.

"உள்ள... வச்சிருக்கு."

"எத்தனை மாலைய?"

"போட்ட எல்லாத்தையும். ஆளோட படம், மாலை, பட்டம், எல்லாம் அப்படியே."

"யாராவது மாலையக் கழட்டாம இருப்பாங்களா சேர்?"

"எனக்கு என்ன தெரியும் மிஸ்? நீங்கதானே எழுதித் தந்தீங்க. ஒங்க தோட்டத்துக் கடிதம், ஏழாம் பிரிவு. வாசிக்கட்டா? 'அணிவிக்கப்பெற்ற மாலை எக்காரணங் கொண்டும் கழற்றப்படலாகாது. அஃது உரியவர்தம் பெயரில் என்றென்றும் பேணப்படுதல் வேண்டும்.'"

அந்தப் பிரிவுக்கு ஒரு சரித்திரம் இருந்தது. இரண்டு வருடத்துக்கு முன் விளையாட்டுப் போட்டியில் இக்னேசியஸுக்குப் போட்ட மாலையை மூக்கன் வாங்கி வேலியில் மாட்டினான். பரிசளிப்பு முடிவதற்குள் மாடு அதைத் தின்றுவிட்டது. அந்த மாட்டை மறக்காத மனிதர் கம்பியூட்டருக்கும் அதை எழுதி வைத்திருந்தார்.

"அத அப்படியேவா செஞ்சீங்க சேர்?"

"ஏழு பக்கக் கடிதம் மிஸ். நாங்க நாலு பேர் உக்காந்து படிச்சோம். மத்த ஆறு பிரிவும் விளங்கல. இது ஒண்ணுதான் விளங்கிச்சு. அதனால கவனமாச் செஞ்சோம்."

"இப்ப மாத்த முடியாதா?"

"பத்து நிமிஷ வேலை. ஆனா கையெழுத்து வச்சவரே மாத்தச் சொல்லி எழுதணும். இல்லாட்டி எங்க பொஸ் விடமாட்டார்."

ஆக, வினோதாவின் வேலை இக்னேசியஸின் பேனா நுனியில் வந்து நின்றது. அவர் தன் வாயால் தன் ஏழாம் பிரிவைத் தப்பென்று சொல்ல வேண்டும். சூரியன் மேற்கே உதித்துக் கிழக்கே சாய்ந்தாலும் அது நடக்காது.

புதன்கிழமை விடிந்ததும் ஆபிஸுக்கு வந்து, இக்னேசியஸின் பழைய கடிதக் கோப்புகளை எடுத்துவைத்துக்கொண்டு வினோதா எழுத உட்கார்ந்தாள். "கழற்று" என்ற சொல்லை அவள் தொடவில்லை. "தவறு" என்ற சொல்லின் பக்கமே போகவில்லை. ஒன்பது மணிக்கு இக்னேசியஸ் வந்தார். வாசலில் நின்று மாலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். கழுத்தில் நேற்றைய காட்டுச் சூரியகாந்தி உண்டாக்கிய சிவப்புத் தடிப்பு இருந்தது. கடிதத்தை நீட்டினாள்.

அதில் இப்படி இருந்தது: "மாலை அணிவிக்கப்பெற்ற ஐந்தாம் செக்கனில், அம்மாலையை உரிய மரியாதைகளுடன் ஏற்று அப்புறப்படுத்தும் பொருட்டு, மாலை ஏற்கும் உத்தியோகத்தர் ஒருவர் இதனுள் நியமிக்கப்படுதல் வேண்டும். பெரியோர் தமது மாலையைத் தாமே சுமந்து நிற்கும் இடர் இதனால் நீங்கும்."

இக்னேசியஸ் இரண்டு தடவை வாசித்தார். கை தானாகக் கழுத்துத் தடிப்புக்குப் போனது.

"இது யாரு எழுதினது?"

"ஒங்க பழைய கடிதங்களப் பாத்துத்தான் சேர் எழுதினேன்."

"அதானே பாத்தேன். என்னோட நடை தெரியுது. ஒரு எடத்துல மட்டும் சறுக்குது. 'அப்புறப்படுத்தும்'னு விட்டுட்டீங்க. 'அப்புறப்படுத்திப் பேணும்'னு இருக்கணும்."

பேணினால் பழைய கதைதான். வேலியிலிருந்து எடுத்து அலுமாரியில் மாட்டுகிற கதை.

"பேணலாம் சேர். ஆனா எல்லார் மாலையும் ஒரே எடத்துலதான் கெடக்கும். டீமேக்கரோட மாலை, ஸ்டோர் கிளாக்கரோட மாலை, ஒங்க மாலை, எல்லாம் ஒண்ணுமேல ஒண்ணு."

"என்னோடது மேலயா, கீழயா?"

"நீங்கதான் காலையில மொத ஆளா வர்றீங்க. அதனால அடியில சேர்."

இக்னேசியஸின் முகம் மாறியது. டீமேக்கருக்கும் அவருக்கும் கோயில் சபைத் தேர்தலிலிருந்தே பேச்சில்லை.

"வேண்டாம். ஒடனே அழிச்சிரச் சொல்லுங்க. எல்லாத்தையும்," என்றார். 'அப்புறப்படுத்தும்' என்பதை வெட்டி, தன் கையாலேயே 'அடியோடு அழிக்கும்' என்று எழுதினார். முழுப் பட்டத்தோடும் கையெழுத்து வைத்தார்.

பதினோரு மணிக்குத் திலக்ஷன் புதுப் புரோகிராமை அனுப்பினார். "சோதிச்சுப் பாருங்க மிஸ். யாராவது கமரா முன்னால நெறைய தடவை நடக்கணும்," என்றார்.

வினோதா இக்னேசியஸிடம் போனாள். "சேர், ஒருத்தர் ஒரு நூறு தடவை வாசல்ல வந்து போகணும். மூக்கன அனுப்பலாம்னா அவன் மொகம் பட்டியல்ல இல்ல."

"அது பொறுப்பான வேலை," என்று இக்னேசியஸ் எழுந்து கோட்டுப் பொத்தானைப் போட்டார். "நானே செய்யிறேன்."

பகல் நிறுவைக்கு வந்த பெண்கள் ஆபிஸைத் தாண்டும்போது அந்தக் காட்சியைப் பார்த்தார்கள். தலைமைக் கிளாக்கர் வாசலுக்கு வெளியே வந்தார், திரும்பினார், நாடியைத் தூக்கினார், உள்ளே போனார். மறுபடி வெளியே வந்தார். வீரம்மா பையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"என்ன புள்ள, கிளாக்கரய்யாவுக்கு வேண்டுதலா?"

"டெஸ்ட் பண்றோம் அத்தை. நூறு தடவை."

"மாதா கோயில்காரவுகளுக்கும் அடிப்பிரதட்சணம் உண்டா? நல்லாத்தான் இருக்கு. மழை வர்ற மாதிரி இருக்கு, நிறுத்திறாதீங்க."

வினோதா பட்டியலை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருநூற்றைம்பது ஆனது. ஐந்து செக்கனில் நூற்றெண்பது ஆனது. மறுபடி இருநூற்றைம்பது, மறுபடி நூற்றெண்பது. முப்பதாவது தடவை, அறுபதாவது தடவை, தொண்ணூறாவது தடவை. நூறாவது தடவை இக்னேசியஸ் மூச்சிரைக்க உள்ளே வந்து நாற்காலியில் விழுந்தபோதும் நூற்றெண்பது.

"எப்படி?" என்று கேட்டார்.

"ஒங்க கடிதம் வேலை செய்யுது சேர்."

"என் கடிதம் எப்பவும் வேலை செய்யும்," என்றார் இக்னேசியஸ். கூரையிலிருந்து ஒரு சொட்டு அவர் மேசையில் விழுந்தது.

வியாழக்கிழமை காலையிலிருந்தே மழை. ஒரு மணியிலிருந்து ஆபிஸ் வாசலில் பெரிய துரை, சின்னத்துரை, இக்னேசியஸ், ஹட்டன் மாலையோடு ஆறு பெண்கள் (ஒத்திகைக்குப் பிறகு வீரம்மாவை இக்னேசியஸ் நீக்கிவிட்டார்), பின்னால் தேத்தண்ணிக்குப் போகக் கூடாது என்று சத்தியம் வாங்கப்பட்ட மூக்கன், எல்லோரும் நின்றார்கள். டிவியில் தலைவர் படம் தயாராக இருந்தது. அவருடைய பட்டங்களுக்கு இக்னேசியஸ் பெருந்தன்மையாக ஐந்து வரி ஒதுக்கியிருந்தார்.

தலைவரின் ஜீப் இரண்டே ஐம்பதுக்கு வந்தது. மழை கொட்டியதால் டிரைவர் கூரை இருந்த இடமாகப் பார்த்து நேரே கொழுந்து மடுவத்துக்குள்ளேயே கொண்டுபோய் நிறுத்திவிட்டார். பின்னால் வந்த வாகனங்களும் அங்கேயே போயின. துரைமார் சேற்றில் ஓடினார்கள். மாலைகள் பின்னால் ஓடின. டிவி மலையைக் காட்டிக்கொண்டு சும்மா இருந்தது.

இவர்கள் போய்ச் சேர்வதற்குள் மூன்று மணி நிறுவை தொடங்கிவிட்டது. வீரம்மா பையைத் தராசில் வைத்தாள். எல்லோரும் தராசின் சின்னத் திரையைப் பார்த்தார்கள். ஆபிஸில் தனியாக உட்கார்ந்திருந்த வினோதா பட்டியலைப் பார்த்தாள்.

கீ.

அடுத்தவள் வைத்தாள். கீ. அதற்கடுத்தவள். கீ. தலைவர் பத்துப் பேர்வரை பார்த்தார். வயதானவர், ஆர்ப்பாட்டமில்லாதவர். வீரம்மாவிடம் சிங்களத்தில் கேட்டார், "இது தினமும் இப்படித்தான் வேலை செய்யுதா?"

வீரம்மாவும் சிங்களத்திலேயே சொன்னாள், "இல்லீங்க, நேத்துல இருந்துதான்."

பெரிய துரைக்கு இருமல் வந்தது.

"யாரு சரி பண்ணினது?"

"ஆபிஸ்ல ஒரு புள்ள இருக்கு. வினோதான்னு பேரு. அதுதான் அஞ்சாறு நாளா கொப்பியும் கையுமாத் திரிஞ்சுச்சு."

"அதற்கான எழுத்துமூலப் பணிப்புரை..." என்று இக்னேசியஸ் ஆரம்பித்தார். ஆனால் ஓடிவந்த வழியில் ஒரு பெண்ணிடமிருந்து வாங்கிக்கொண்ட, மழையில் நனைந்த ஹட்டன் மாலை ஒன்று அவர் கையில் இருந்தது. அதை அவர் எதிரே நீட்டியபடி பேசியதால், தலைவர் அதை வாங்கி, அருகே நின்ற வீரம்மாவிடமே கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறினார். ஏறும்போது துரையிடம், "அந்தப் பிள்ளையை விட்டுவிடாதீர்கள்," என்று மட்டும் சொன்னார்.

முப்பதாம் திகதி காலை இக்னேசியஸ் வினோதாவிடம் ஒரு கடித உறையை நீட்டினார். பிரித்தாள். வேலை நிரந்தரம் என்று இருந்தது. அதற்கு மேலே பதவியின் பெயர் இருந்தது: மாலை ஏற்கும் உத்தியோகத்தர்.

"சேர், இதுல கம்பியூட்டர் ஒப்பரேட்டர்னு வரணும்."

இக்னேசியஸ் குரலைத் தாழ்த்தினார். "நம்ம கடிதத்தோட பிரதி ஒண்ணு வழக்கப்படி கொழும்புத் தலைமைக் கந்தோருக்குப் போச்சு. அவங்க அத வாசிச்சிட்டு, அப்படி ஒரு பதவிக்கு அனுமதி குடுத்திட்டாங்க. கம்பியூட்டர் ஒப்பரேட்டர் பதவிக்கு நான் எழுதி ஆறு மாசமாச்சு, அது இன்னும் வரல. 'இது கம்பியூட்டருக்குள்ள இருக்கிற ஆளு, வெளிய இல்ல'ன்னு இனி நான் எப்படி அவங்களுக்கு எழுதுறது? எனக்கு அசிங்கமில்லையா? வேணாம்னா சொல்லுங்க, திருப்பி அனுப்பி..."

அவர் முடிப்பதற்குள் வினோதா கையெழுத்து வைத்துவிட்டாள்.

"இதுக்கு வேலை என்ன சேர்?"

"ஏழாம் திகதி வலயக் கல்விப் பணிப்பாளர் வர்றார். மாலை போடுறப்ப பின்னால நில்லுங்க."

"நான் பின்னால நின்னா நிறுவைய யாரு பாக்குறது?"

இக்னேசியஸ் இதை யோசித்திருக்கவில்லை. ஆனால் உடனே அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது. வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்து வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தார்.

"அதுக்கு இன்னொரு பதவி கேட்டு எழுதிட்டாப் போச்சு. மொதலாம் பிரிவு..."

வினோதா அந்தத் தாளை மெதுவாகத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்லுங்க சேர்," என்றாள். "நான் எழுதுறேன்."